அந்த அஞ்சு செகண்ட்: மரக்காணம் உப்பளத்து ரோட்டுல ஒரு முடுக்கக் கணக்கு

இந்த எபிசோட்ல ஒரே ஒரு சூத்திரம்தான். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துல எல்லாரும் படிச்சது: திசைவேகத்துல ஏற்பட்ட மாற்றத்தை, அதுக்கு ஆன நேரத்தால வகுத்தா முடுக்கம். ரெண்டு மார்க் கேள்வி. நானும் எழுதி மார்க் வாங்கியிருக்கேன். அப்புறம் இன்ஜினியரிங் நாலு வருஷமும் அதை எங்கெங்கயோ போட்டிருக்கேன். ஆனா அந்தச் சூத்திரம் எனக்கு நிஜமா புரிஞ்சது போன மார்ச் மாசம், மரக்காணம் பக்கத்துல, பைக்ல போகும்போது.

அன்னைக்கு நடந்தது மொத்தம் அஞ்சு செகண்ட். அந்த அஞ்சு செகண்டைத்தான் இந்த எபிசோட் முழுக்கப் பிரிச்சுப் பார்க்கப் போறோம். பேப்பர், பேனா இருந்தா எடுத்து வெச்சுக்கோங்க. வண்டி ஓட்டிக்கிட்டே கேக்கறவங்க கணக்குப் போட வேண்டாம், நான் போடுறேன்.

என்ன நடந்தது

சென்னையில இருந்து புதுச்சேரிக்கு ஈசிஆர்ல போனவங்களுக்கு மரக்காணம் தெரியும். ரோட்டோரம் பாத்தி பாத்தியா உப்பளம், வெள்ளைக் குவியல், மழைக்குப் பயந்து ஓலை போட்டு மூடி வெச்ச உப்பு. ஆங்கிலேயர் காலத்து பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடியறதும் இந்தப் பகுதியிலதான். வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு, ஜனவரிக்கு மேல உப்பள வேலை சூடு பிடிக்கும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வேலையை முடிக்கணும்னு விடியறதுக்கு முன்னாடியே ஆட்கள் வந்துடுவாங்க. அதனால, கண்ணு சரியாத் தெரியாத அந்த நேரத்துலதான் ரோட்டைக் கடக்குற கூட்டமும் அதிகம்.

நான் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல வந்துக்கிட்டு இருந்தேன். மணி ஆறு. வெளிச்சம் வந்தும் வராத நேரம். ரோடு காஞ்சிருந்தது. இடது பக்கத்துல இருந்து ஒரு அக்கா, தலையில சும்மாடு, அதுக்கு மேல தண்ணிக் குடம், ரோட்டைக் கடக்க ஆரம்பிச்சிருந்தாங்க. உப்பளத்துல சுத்தியும் தண்ணிதான், ஆனா குடிக்கிற தண்ணி வெளியில இருந்துதான் வரணும். நான் அவங்களைக் கவனிச்சப்போ எனக்கும் அவங்களுக்கும் சுமார் 50 மீட்டர். பிரேக் பிடிச்சேன். நின்னேன். அவங்களுக்கு முன்னாடி ஒரு அஞ்சு மீட்டர் மிச்சம் இருந்தது.

அவங்க ரோட்டு நடுவுல அப்படியே அதே நடையில போய்க்கிட்டே இருந்தாங்க. ஓடவும் இல்லை, நிக்கவும் இல்லை. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து குடத்தை இறக்கி வெச்சதுக்கு அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாங்க. நான் வண்டியை ஓரம் கட்டிட்டுப் போய், "சாரிக்கா, என்னைப் பார்க்கலையா நீங்க?"ன்னு கேட்டேன். கொஞ்சம் கோபத்தோடதான் கேட்டேன், உண்மையைச் சொல்லணும்னா.

"பார்த்தேன் தம்பி. சொமய வச்சிகினு ஓடவும் முடியாது, சடக்குனு நிக்கவும் முடியாது. நீதான் நிக்கணும்"னாங்க.

அந்தப் பதில்ல எவ்வளவு இயற்பியல் இருக்குன்னு அப்போ எனக்குத் தெரியலை. கடைசியில அதுக்கு வர்றேன்.

ஒரே சம்பவம், மூணு விடை

என் போன்ல ஒரு ரைடு ரெக்கார்டர் ஓடிக்கிட்டு இருந்தது. ஜிபிஎஸ் வேகத்தை செகண்டுக்கு ஒரு தடவை பதிவு பண்ணும். வீட்டுக்குப் போய் அதைத் திறந்து பார்த்தேன். மணிக்கு எத்தனை கிலோமீட்டர்ங்கற கணக்குல வரிசையா இப்படி இருந்தது: 61, 60, 43, 24, 7, 0.

சரி, முடுக்கம் என்ன? முதல் முயற்சி. ஆரம்பம் 61, முடிவு 0, நேரம் 5 செகண்ட். மாற்றம் மைனஸ் 61. அஞ்சால வகுத்தா மைனஸ் 12.2. அப்போ முடுக்கம் 12.2-ஆ? இங்கதான் முதல் பள்ளம். இது "மணிக்கு கிலோமீட்டர், ஒவ்வொரு செகண்டுக்கும்". ஒவ்வொரு செகண்டும் வேகம் மணிக்கு 12.2 கிலோமீட்டர் குறைஞ்சதுன்னு அர்த்தம். தப்பான அலகு இல்லை, ஆனா வேற எதோடயும் ஒப்பிட முடியாது. மீட்டர், செகண்டுக்கு மாத்தணும்னா 3.6-ஆல வகுக்கணும். ஏன் 3.6? ஒரு மணி நேரத்துல 3600 செகண்ட், ஒரு கிலோமீட்டர்ல 1000 மீட்டர். அவ்வளவுதான். 12.2-ஐ 3.6-ஆல வகுத்தா 3.4. அதாவது 3.4 மீ/வி². இதைப் படிக்கும்போது "செகண்டுக்கு 3.4 மீட்டர் வேகம், ஒவ்வொரு செகண்டும்"னு படிங்க. ரெண்டு தடவை செகண்ட் வர்றதாலதான் மேல அந்த 2 உக்காந்திருக்கு. வேற மந்திரம் ஒண்ணும் இல்லை.

ரெண்டாவது முயற்சி. 61-ல இருந்து 60 ஆன அந்த முதல் செகண்ட்ல நான் பிரேக்கே பிடிக்கலை. கண்ணு பார்த்து, மூளைக்குப் போய், கை லீவருக்கு வந்துக்கிட்டு இருந்த நேரம் அது. அதைப் போய் பிரேக் கணக்குல சேர்க்கலாமா? கூடாது. எடுத்துட்டா, 60-ல இருந்து 0, 4 செகண்ட். 15. 3.6-ஆல வகுத்தா 4.2 மீ/வி².

மூணாவது முயற்சி. கடைசி செகண்டைப் பாருங்க: 7-ல இருந்து 0. முந்தின செகண்டுகள்ல 17, 19, 17-னு குறைஞ்ச வேகம், கடைசியில மட்டும் 7 குறைஞ்சிருக்கு. நான் பிரேக்கை லூஸ் பண்ணிட்டேனா? இல்லை. வண்டி அந்த செகண்டோட பாதிக்கு முன்னாடியே நின்னுடுச்சு. மிச்ச நேரம் சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன். நின்ன நேரத்தையும் சேர்த்து வகுத்தா விடை குறையத்தான் செய்யும். அதையும் எடுத்துட்டா, 60-ல இருந்து 7, மாற்றம் 53, நேரம் 3 செகண்ட். 17.7. 3.6-ஆல வகுத்தா 4.9 மீ/வி².

பாருங்க. ஒரே வண்டி, ஒரே பிரேக், ஒரே லாக் ஃபைல். 3.4, 4.2, 4.9-னு மூணு விடை. சூத்திரம் மூணு தடவையும் சரி. நான் கேட்ட கேள்விதான் மாறிக்கிட்டே இருந்தது. "பார்த்ததுல இருந்து நிக்கிற வரைக்கும் சராசரி என்ன?"ன்னு கேட்டா 3.4 சரிதான். "என் பிரேக் எவ்வளவு வலுவா பிடிச்சது?"ன்னு கேட்டா 4.9. எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும்னு நாம வெட்டுற இடம்தான் விடையைத் தீர்மானிக்குது. புத்தகத்துல அந்த நேரத்தை அவங்களே கொடுத்துடுவாங்க. ரோட்டுல நாமதான் வெட்டணும்.

மைனஸ் குறி பத்தி ஒரு வார்த்தை. வேகம் குறையுதுன்னா முடுக்கம் மைனஸ், புத்தகத்துல எதிர் முடுக்கம்னு சொல்வாங்க. ஆனா மைனஸ்னா "வேகம் குறையுது"ன்னு எப்பவும் அர்த்தம் இல்லை. நாம எந்தத் திசையை பிளஸ்னு எடுத்தோமோ அதுக்கு எதிர்த் திசையில முடுக்கம் இருக்குன்னு அர்த்தம். ரிவர்ஸ்ல வேகம் எடுக்குற காருக்கும் மைனஸ்தான் வரும். அதனாலதான் வேகம்னு சொல்லாம திசைவேகம்னு சொல்றாங்க.

விடை சரியான்னு எப்படித் தெரியும்?

கோட் எழுதினா டெஸ்ட் எழுதணும், இல்லையா? இதுக்கும் ஒரு டெஸ்ட் இருக்கு. பிரேக் பிடிச்சதுல இருந்து நிக்கிற வரைக்கும் போன தூரத்தை ரெண்டு வழியில கணக்குப் போடலாம்.

ஒண்ணு, லாக்ல இருந்து நேரடியா. ஒவ்வொரு செகண்டுக்கும் சராசரி வேகம்: 60-க்கும் 43-க்கும் நடுவுல 51.5, அப்புறம் 33.5, அப்புறம் 15.5. கூட்டினா 100.5. 3.6-ஆல வகுத்தா 27.9 மீட்டர். கடைசி 7 கிலோமீட்டர் வேகம் பூஜ்யமாக இன்னும் ஒரு 0.4 மீட்டர். மொத்தம் 28.3.

ரெண்டு, சூத்திரத்துல இருந்து. வேகத்தோட வர்க்கத்தை, முடுக்கத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா நிக்கிற தூரம். 60 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 16.67 மீட்டர். வர்க்கம் 277.8. இதை 9.8-ஆல வகுத்தா 28.3.

ரெண்டும் ஒண்ணு. 3.4-ஐப் போட்டிருந்தா 41 மீட்டர்னு வந்திருக்கும். அப்படி இருந்தா யோசிக்கிற நேரத்துல போன 17 மீட்டரையும் சேர்த்து 58 மீட்டர் ஆகியிருக்கும். நான் 50 மீட்டருக்குள்ள நின்னிருக்கவே மாட்டேன். அதனால பிரேக் முடுக்கத்துக்கு 4.9-தான் சரி.

இன்னும் அடிக்கடி அளந்தா இன்னும் துல்லியமா?

ஒரு சாஃப்ட்வேர் ஆளுக்கு உடனே வர்ற ஆசை: செகண்டுக்கு ஒண்ணு போதாது, பத்து ரீடிங் எடுப்போம், கணத்துக்குக் கணம் முடுக்கம் கிடைக்கும். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ஆனா ஜிபிஎஸ் வேகத்துல ஒரு சின்னப் பிழை இருக்குன்னு வைங்க. மணிக்கு 1 கிலோமீட்டர் கூடவோ குறையவோ. ரெண்டு ரீடிங்கைக் கழிக்கும்போது, மோசமான நேரத்துல ரெண்டு பிழையும் சேர்ந்து 2 ஆகும். அது 0.56 மீ/வி. 3 செகண்டால வகுத்தா முடுக்கத்துல பிழை 0.19 மட்டும். 1 செகண்டால வகுத்தா 0.56. 0.1 செகண்டால வகுத்தா? 5.6. என் பிரேக்கை விடப் பிழை பெருசு! வண்டி நிஜமா பிரேக் பிடிக்குதா, ரீடிங் ஆடுதான்னே தெரியாது.

நேரத்தை நீட்டினா பிழை அமுங்கும், ஆனா நடுவுல நடந்த மாற்றமும் அமுங்கிடும். நேரத்தைக் குறைச்சா மாற்றம் தெரியும், ஆனா இரைச்சலும் சேர்ந்து எகிறும். இதுக்கு முழுத் தீர்வு கிடையாது, ஒரு பேரம்தான்.

இந்தத் தலைவலி புதுசு இல்லை. கலிலியோ 1638-ல வெளியிட்ட புத்தகத்துல, சாய்வான பலகையில வெட்டின பள்ளத்துல வெண்கல உருண்டையை உருட்டி சோதனை பண்ணினதை எழுதியிருக்கார். அவர்கிட்ட செகண்ட் காட்டுற கடிகாரம் இல்லை. பெரிய பாத்திரத்துல இருந்து மெல்லிசாத் தண்ணியை ஒழுகவிட்டு, உருண்டை ஓடுற நேரத்துல விழுந்த தண்ணியை எடை போட்டு நேரத்தைக் கணக்கிட்டார். நேரா கீழே போடாம ஏன் சாய்வுல உருட்டினார்? முடுக்கத்தைக் குறைச்சு, நேரத்தை நீட்டிக்கத்தான். அளக்குற கருவி மெதுவா இருந்தா, நிகழ்வை மெதுவாக்கு. அருமையான இன்ஜினியரிங் இது.

இதே கணக்கை வண்டியும் போடுது

என் பைக்ல ஏபிஎஸ் இருக்கு. இந்தியாவுல 125 சிசிக்கு மேல உள்ள புது பைக் எல்லாத்துக்கும் 2019 ஏப்ரல்ல இருந்து ஏபிஎஸ் கட்டாயம். அது என்ன பண்ணுது தெரியுமா? நாம இப்போ போட்ட கணக்கைத்தான்.

சக்கரத்தோட ஒரு பல்லு வெச்ச வளையம் சுத்தும். பக்கத்துல ஒரு சென்சார். பல்லு கடக்குற வேகத்துல இருந்து சக்கரத்தோட வேகம் கிடைக்கும். அந்த வேகம் எவ்வளவு நேரத்துல எவ்வளவு மாறுதுன்னு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஒரே செகண்ட்ல பல தடவை கழிச்சு, வகுத்துக்கிட்டே இருக்கும். ஒரு பைக் தார் ரோட்டுல எவ்வளவு வேகமா வேகத்தை இழக்க முடியும்ங்கறதுக்கு ஒரு எல்லை இருக்கு. சக்கரத்தோட வேகம் மட்டும் அந்த எல்லையை மீறி சடார்னு விழுந்தா, வண்டி நிக்கலை, சக்கரம் லாக் ஆகுதுன்னு அர்த்தம். உடனே பிரேக் அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டு, திரும்பப் பிடிக்கும். லீவர்ல ஒரு அதிர்வு வருமே, அது இந்தக் கணக்கோட சத்தம்தான்.

போன்ல இருக்குற முடுக்கமானி வேற மாதிரி. அது வேகத்தைக் கழிச்சு வகுக்கறது இல்லை. உள்ள கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன ஒரு எடை, மெல்லிய ஸ்பிரிங் மாதிரி அமைப்புல தொங்குது. அது எவ்வளவு நகருதுன்னு அளக்குது. அதனால மேசை மேல சும்மா வெச்ச போன்ல கூட 9.8-னு காட்டும். மேசை அதை மேல தாங்கிக்கிட்டு இருக்கறதையும் அது உணரும். அந்த 9.8-ஐ ஒதுக்கித் தள்ளினாத்தான் பிரேக் தெரியும். ஆனா பிரேக் பிடிக்கும்போது பைக்கோட மூக்கு அமுங்கும், போனும் சாயும். அப்போ 9.8-ல ஒரு துண்டு பிரேக் மாதிரி வேஷம் போட்டு உள்ளே வரும். அதனாலதான் இந்தக் கணக்குக்கு நான் ஜிபிஎஸ் வேகத்தை எடுத்துக்கிட்டேன்.

பத்து கிலோமீட்டர் கூடப் போயிருந்தா?

இப்போ என்னைத் தூங்கவிடாத கணக்கு.

50 மீட்டர் தூரம். யோசிக்க 1 செகண்ட். பிரேக் 4.9. இது எதுவும் மாறலை. வேகம் மட்டும் 60-க்குப் பதிலா 70-னு வெச்சுப் பார்த்தேன். என்ன நினைக்கறீங்க? அஞ்சு மீட்டர் தள்ளி நின்னவன், இப்போ லேசா இடிச்சிருப்பான், மணிக்கு 5, 10 கிலோமீட்டர் வேகத்துல? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

70 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 19.4 மீட்டர். யோசிக்கிறதுலயே 19.4 மீட்டர் போச்சு. மிச்சம் 30.6 மீட்டர். ஆரம்ப வேகத்தோட வர்க்கம் 378. அதுல இருந்து 9.8 பெருக்கல் 30.6, அதாவது 299-ஐக் கழிக்கணும். மிச்சம் 79. வர்க்கமூலம் 8.9. மணிக்கு 32 கிலோமீட்டர்.

10 கிலோமீட்டர் கூட்டினேன். மோதுற இடத்துல பூஜ்யம் 32 ஆயிடுச்சு. 80-ல போயிருந்தா 54. 100-ல போயிருந்தா 85. அந்த 100 கணக்குல, பிரேக்கை முழு பலத்தோட பிடிச்சும், மோதும்போது வெறும் 15 கிலோமீட்டர்தான் குறைஞ்சிருக்கும்.

ஏன் இப்படி? முடுக்கம்ங்கறது ஒவ்வொரு செகண்டுக்கும் இவ்வளவு வேகத்தைக் குறைக்கும், ஒவ்வொரு மீட்டருக்கும் இல்லை. வேகமாப் போறப்போ ஒரு மீட்டரைக் கடக்க ஆகுற நேரமே குறைவு. அதனால அந்த மீட்டர்ல பிரேக்குக்கு வேலை செய்ய நேரமே கிடைக்கறது இல்லை. நிறைய வேகம் குறையறது கடைசி சில மீட்டர்லதான். நாம மோதுறது அந்தக் கடைசி மீட்டருக்கு முன்னாடி.

மனுஷங்க நடந்து போற இடத்துல வாகன வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2020-ல ஸ்டாக்ஹோம்ல நாடுகள் கூடி வெளியிட்ட சாலைப் பாதுகாப்புப் பிரகடனத்துலயும் அதே 30 இருக்கு. என் 70 கணக்குல மோதல் வேகமே அந்த 30-ஐத் தாண்டுது.

ஈரமும் சுமையும்

அன்னைக்கு ரோடு காய்ஞ்சிருந்தது. ஈரமா இருந்திருந்தா? இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, நம்ம நாட்டு சாலை வடிவமைப்புக்கான விதிகளை எழுதுறவங்க. ஒரு டிரைவர் முன்னாடி இருக்குற தடையைப் பார்த்து நிக்க எவ்வளவு தூரம் வேணும்ங்கறதுக்கு அவங்க எடுத்துக்கற யோசிக்கிற நேரம் 1 செகண்ட் இல்லை, 2.5 செகண்ட். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு உராய்வுக் கெழு 0.36. 9.8-ஆல பெருக்கினா முடுக்கம் 3.5 மீ/வி². ரெண்டையும் சேர்த்தா 60 கிலோமீட்டர் வேகத்துல நிக்க 80 மீட்டர் வேணும். நான் 45-ல நின்னேன். அவங்க அதிகமாப் பயப்படுறாங்களா? இல்லை. ரோடு என்னை மாதிரி இருபத்தெட்டு வயசுக்காரன், ஏபிஎஸ் வண்டி, காஞ்ச ரோடு, தூங்கி எழுந்த கண்ணுக்காகப் போடறது இல்லை. தேய்ஞ்ச டயரு, மழை, ராத்திரி பூரா ஓட்டின டிரைவர், இவங்களுக்கும் சேர்த்துதான்.

அதே 60, அதே ஒரு செகண்ட் யோசனை, ஆனா 3.5 மட்டும் பிரேக் கிடைச்சிருந்தா, அந்த 50-ஆவது மீட்டர்ல நான் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்துல இருந்திருப்பேன்.

அப்புறம் உப்பு லாரி. இதுல ஒரு ஆச்சரியம் இருக்கு. டயரோட பிடிப்பு மட்டும்தான் எல்லைன்னா, எடை கணக்குல வரவே வராது. எடை கூடினா உராய்வும் அதே அளவு கூடும், ரெண்டும் அடிபட்டுப் போகும். அதனால "லோடு வண்டின்னா அழுத்தமா நிக்கும்"னு சில பேர் சொல்வாங்க. ஆனா பிரேக்குக்கும் ஒரு உச்சபட்ச விசை இருக்கு. ஏத்த வேண்டிய எடை வரைக்கும் அது டயரோட பிடிப்புக்கு ஈடு கொடுக்கும். அதுக்கு மேல ஏத்தினா விசை அதேதான், எடை மட்டும் கூடும். 5 மீ/வி² கொடுக்குற பிரேக், மொத்த எடை கால் பங்கு கூடினா 4-தான் கொடுக்கும். 60-ல இருந்து நிக்க 28 மீட்டர் போதுமா இருந்தது, 35 மீட்டர் ஆகும். அந்த 7 மீட்டர், ஒரு ரெண்டு வழிச் சாலையோட அகலம். காத்து பிரேக் வேலை செய்ய ஆரம்பிக்க ஆகுற நேரமும், தொடர்ந்து பிடிச்சா ஏறுற சூடும் தனி.

குடம் ஒரு முடுக்கமானி

இப்போ அந்த அக்கா சொன்னதுக்கு வர்றேன். "ஓடவும் முடியாது, சடக்குனு நிக்கவும் முடியாது."

அவங்க நடந்த வேகம் செகண்டுக்கு 1.2 மீட்டர்னு வைங்க. என்னைப் பார்த்துப் பதறி 0.3 செகண்ட்ல நின்னிருந்தா? 1.2-ஐ 0.3-ஆல வகுத்தா 4 மீ/வி². கிட்டத்தட்ட என் பைக்கோட அவசர பிரேக். தலையில 15 கிலோ குடம். அந்தக் குடத்தை நிறுத்த 60 நியூட்டன் விசை வேணும். ஒரு 6 கிலோ எடையைப் பக்கவாட்டுல கழுத்துல கட்டித் தொங்கவிட்ட மாதிரி. குடத்துக்குள்ள தண்ணியோட மட்டம் 22 டிகிரி சாயும். சும்மாட்டு மேல அந்தக் குடம் நிக்காது.

அவங்க சீரா நடந்தா முடுக்கம் பூஜ்யத்துக்குப் பக்கம். தண்ணி மட்டமா இருக்கும். கொஞ்சம் வேகம் கூட்டினாலோ குறைச்சாலோ தண்ணி ஆடி அவங்களுக்குச் சொல்லிடும். என் போனுக்குள்ள இருக்குற சின்ன எடையும் ஸ்பிரிங்கும் பண்ணுற வேலையை அந்தக் குடம் பண்ணுது. வருஷக்கணக்கா முடுக்கத்தைப் பூஜ்யத்துல வெச்சு நடந்து பழகினவங்க அவங்க. நான் கோபப்பட்டது எவ்வளவு அபத்தம்னு கணக்குப் போட்டப்போதான் புரிஞ்சது. அந்த ரோட்டுல திசைவேகத்தை மாத்த முடிஞ்ச ஒரே ஆள் நான்தான். அதைத்தான் அவங்க ஒரே வரியில சொன்னாங்க: "நீதான் நிக்கணும்."

7 மீட்டர் ரோட்டை, சுமையோட செகண்டுக்கு 1 மீட்டர் வேகத்துல கடக்க 7 செகண்ட் ஆகும். அந்த 7 செகண்ட்ல 60-ல வர்ற வண்டி 117 மீட்டர் வரும். 80-ல 156. 100-ல 194. கால் எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி அவ்வளவு தூரத்துல வர்ற வண்டியை, அரை இருட்டுல, குடத்தோட தலையைத் திருப்பாம அவங்க கணிக்கணும்.

இது ஏன் இப்போ முக்கியம்? மரக்காணத்துல இருந்து புதுச்சேரி வரைக்கும் 46 கிலோமீட்டருக்கு நாலுவழிச் சாலை போட 2025 ஆகஸ்ட்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கு, 2,157 கோடி ரூபாய் திட்டம். 2018-ல மத்திய அரசு நிர்ணயிச்ச உச்ச வேகத்தின்படி, சாதாரண ரோட்டுல காருக்கு 70, பைக்குக்கு 60. நடுவுல தடுப்பு வெச்ச நாலுவழிச் சாலையில காருக்கு 100, பைக்குக்கு 80. நல்ல ரோடு வேணாம்னு நான் சொல்லலை. நடுவுல தடுப்பு இருந்தா எதிர் வண்டி மோதுறது குறையும், அது நிஜமான லாபம். ஆனா அகலமான ரோட்டைக் கடக்க இன்னும் அதிக நேரம் ஆகும், வர்ற வண்டியோட வேகமும் கூடும். உப்பளத்துக்குப் போறவங்க கடக்குறதுக்கு சுரங்கப்பாதை எங்க, வெளிச்சம் எங்கன்னு கேக்குறதுக்கு இந்தச் சூத்திரம் போதும். 50 மீட்டர்ல 100 என்பது 85 ஆகுதுன்னு சொன்னா, யாரும் அதை வெறும் அபிப்பிராயம்னு ஒதுக்க முடியாது.

நான் என்ன மாத்திக்கிட்டேன்

கணக்கைத் திருப்பிப் போட்டேன். 50 மீட்டர்லதான் ஆள் தெரியும்னு வெச்சுக்கறேன். ரோடு ஈரம், 3.5. யோசிக்க 2.5 செகண்ட், தூக்கக் கலக்கம்னு வெச்சுக்கோங்க. எந்த வேகத்துல வந்தா நிக்க முடியும்? 40 கிலோமீட்டர். யோசிக்கிறதுல 28 மீட்டர், பிரேக்ல 17.6, மொத்தம் 45. அஞ்சு மீட்டர் மிச்சம். அன்னைக்கு எனக்கு அதிர்ஷ்டத்துல கிடைச்ச அதே அஞ்சு மீட்டர், இப்போ கணக்குல கிடைக்குது.

உப்பளம் நெடுக ஒரு 5 கிலோமீட்டர்னு வைங்க. 60-ல போனா 5 நிமிஷம். 40-ல போனா ஏழரை நிமிஷம். வித்தியாசம் ரெண்டரை நிமிஷம். புதுச்சேரியில ஒரு சிக்னல்ல நிக்கிற நேரம். அதனால விடியற்காலையில அந்தப் பக்கம் போனா இப்போ நான் 40-தான். பின்னாடி வர்றவங்க ஹார்ன் அடிப்பாங்க. அடிக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஆள் நடமாட்டம் இல்லாத, பாதுகாப்பான இடத்துல, மெதுவான வேகத்துல, 30 போதும், ரைடு ரெக்கார்டரைப் போட்டுட்டு சாதாரணமா பிரேக் பிடிச்சு நில்லுங்க. வேக வரிசையை எடுங்க. முதல்ல பிரேக் தொடங்கின இடத்தைத் தேடுங்க, நின்ன செகண்டை வெட்டுங்க, கழிங்க, வகுங்க, 3.6-ஐ மறக்காதீங்க. அப்புறம் நீங்க தினம் போற ரோட்டுல ஆள் கடக்குற ஒரு இடத்தை நினைச்சு, எத்தனை மீட்டர்ல அவங்க உங்களுக்குத் தெரிவாங்கன்னு யோசிங்க. அந்த இடத்துக்கான உங்க வேகம் எவ்வளவுன்னு நீங்களே கண்டுபிடிச்சுடலாம்.

அடுத்த எபிசோட்ல வளைவுல திரும்பறதைப் பார்ப்போம். வேகம் மாறாமலே முடுக்கம் எப்படி வருதுன்னு. அதுவரைக்கும், பார்த்துப் போங்க.